ஊசியைச் சுடவைப்பதற்கு முன்: அம்பரையும் மற்ற புதைபடிவப் பிசின்களையும் இனங்காண முழு வழிகாட்டி

மண்ணடியில் தஸ்பீஹ் (முஸ்லிம்கள் இறைநினைவுக்கு உருட்டும் மாலை) மணி வாங்கப் போனாலும் சரி, மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களைக் கிளறும்போது தேன் நிற மாலை ஒன்று கையில் சிக்கினாலும் சரி, அசல் என்று நிரூபிக்க எல்லாரும் காட்டுவது ஒரே வித்தைதான். மணியைச் சட்டையில் நாலு தேய் தேய்த்து, பொடிக் காகிதத்தை ஒட்டவைப்பார்கள். தலை வாரும் பிளாஸ்டிக் சீப்பும் அதைச் செய்யும். பாரசீகத்தில் அம்பருக்கு 'காஹ்ருபா' என்று பெயர், வைக்கோலைக் கவர்வது என்று பொருள். பிளாஸ்டிக் பிறக்காத காலத்தில் அந்தச் சோதனைக்கு மதிப்பு இருந்தது. போதாததற்கு ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கடற்காற்றில் ஈரம் அதிகம். மழை நாளில் அசல் அம்பரே காகிதத்தைத் தூக்காது. இந்தச் சோதனையை இத்தோடு மறந்துவிடலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வடசென்னையின் மீன்பிடித் துறைமுகப் பக்கம் 'அம்பர்' என்று சொன்னால், எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து வரும் மெழுகு போன்ற பொருள் என்றுதான் பலருக்குத் தோன்றும். அம்பர்கிரீஸ், ஓர்க்கோலை, மீனம்பர் என்பதெல்லாம் அதுதான். அதை வைத்திருப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரையில் வரும் அம்பர் மரத்திலிருந்து வடிந்த பிசின். மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்து இறுகியது. இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாராவது 'அம்பர் கட்டி' என்று சாம்பல் நிறத்தில் எதையாவது நீட்டினால், சோதித்துப் பார்க்கிறேன் என்றுகூடக் கையில் வாங்காதீர்கள்.

கேள்வி ஒன்றல்ல, மூன்று

'இது அசலா?' என்பது அறிவியல் முறையில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதை மூன்றாக உடைக்க வேண்டும். இது மரப்பிசினா, செயற்கைப் பொருளா? மரப்பிசின் என்றால் இறுகிய புதைபடிவமா, நேற்றைய பிசினா? புதைபடிவம் என்றால் எந்த மரம், எந்த ஊர்? ஒவ்வொரு சோதனையும் இவற்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் பதில் தரும். உப்புத் தண்ணீரில் மிதந்தது, ஆகவே பால்டிக் அம்பர் (வட ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்தில் கிடைப்பது) என்று முடிவுகட்டுகிறவர், முதல் கேள்விக்குக் கிடைத்த பாதிப் பதிலை வைத்து மூன்றாவது கேள்விக்கு விடை எழுதுகிறார். நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இடையில் நிற்கும் பொருளுக்கு கோப்பால் என்று பெயர். மரத்திலிருந்து வடிந்து சில பத்து, சில நூறு, சில ஆயிரம் ஆண்டுகளே ஆன, பாதி இறுகிய பிசின் அது. மடகாஸ்கர், கொலம்பியா, கிழக்கு ஆப்பிரிக்கா, நியூசிலாந்து (அங்கே கௌரி மரப்பிசின்) ஆகிய இடங்களிலிருந்து வருகிறது. உள்ளே பூச்சிகூட இருக்கும், அதுவும் உண்மையான பூச்சியாகவே இருக்கும். கோப்பால் எங்கே முடிந்து அம்பர் எங்கே தொடங்குகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒருமித்த எல்லைக்கோடு கிடையாது.

ஒப்பிட ஒரு பெட்டி

சோதனையைத் தொடங்கும் முன் ராசப்ப செட்டி தெருவின் நாட்டு மருந்துக் கடைகளுக்கு ஒரு நடை போய் வாருங்கள். குங்கிலியம், வெள்ளைக் குங்கிலியம், கருங்குங்கிலியம், கட்டிச் சாம்பிராணி, குந்திரிக்கம் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் 25 கிராம் போதும். பொடியாக வேண்டாம், கட்டியாகவே கேளுங்கள். கம்ப்யூட்டர் சாம்பிராணி எதற்கும் உதவாது. அதில் கரித்தூள்தான் அதிகம். சால்டரிங் கடையில் கிடைக்கும் ரோசினும் ஒரு கட்டி சேர்த்துக்கொள்ளுங்கள். இதோடு உடைந்த சிடி உறை (பாலிஸ்டைரீன்), அக்ரிலிக் துண்டு, பழைய கறுப்பு பேக்லைட் சுவிட்ச் ஆகியவற்றையும் தனித்தனிப் பொட்டலமாகப் பெயர் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் எதற்கு? தெரிந்த பொருளில் சோதனை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த பிறகுதான் தெரியாத பொருளைத் தொட வேண்டும். குங்கிலியத்தின் மேல் அசிட்டோன் படும்போது விரலில் தெரியும் பிசுபிசுப்பை ஒரு தடவை உணர்ந்தவருக்கு, கோப்பாலில் அதே பிசுபிசுப்பு வந்தால் விளக்கம் தேவைப்படாது. இன்னொரு காரணமும் உண்டு. குங்கிலியமும் வெள்ளைக் குங்கிலியமும் டிப்டெரோகார்ப் குடும்ப மரங்களின் பிசின். குஜராத்தின் வஸ்தான், தட்கேஷ்வர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் கிடைக்கும் 5 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட காம்பே அம்பரும் அதே குடும்பத்து மரங்களிலிருந்து வந்ததுதான். பூசையறையில் புகைகிற பிசினுக்கு அது தூரத்து மூதாதை.

மற்ற சாமான்கள்: 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (கண்ணருகே பிடிக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி), 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு. பேட்டரிக் கடையில் கிடைக்கும், திரவத்தின் ஒப்படர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர். 99 சதவீத அசிட்டோன் 100 மி.லி.; கிளிசரின்; மெல்லிய தூண்டில் நரம்பு ஒரு முழம். டார்ச் வாங்கும்போது கவனம் தேவை. ரூபாய் நோட்டைப் பார்க்க விற்கும் மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சம் அதிகமாகக் கலந்திருப்பதால் பொருளின் சொந்த ஒளிர்வு அமுங்கிப்போகும். கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி பொருத்திய 365தான் வேண்டும். அதைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: தொடுவதற்கு முன் எழுதுங்கள்

எடை, மூன்று பக்க அளவு, நிறம், எங்கே யாரிடமிருந்து வந்தது, விற்றவர் சொன்ன பெயர். அளவுகோல் தெரிகிற மாதிரி வெள்ளைத் தாளிலும் கறுப்புத் துணியிலும் இரண்டு படம். அலுப்பான வேலைதான். ஆனால் அசிட்டோன் பட்ட பிறகு 'இந்த மங்கல் முன்னமே இருந்ததா?' என்று கேட்டால் பதில் சொல்லப்போவது அந்தப் படம்தான்.

படி 2: லூப்பில் பார்த்தல்

வழவழப்பான மணியின் மேற்பரப்பில் ஒளி சிதறி உள்ளே எதுவும் தெரியாது. சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கிளிசரின் ஊற்றி மணியை முக்கிப் பாருங்கள். சிதறல் அடங்கி, மணியின் வயிறு தெளிவாகத் தெரியும். கெட்டியான சர்க்கரைப் பாகும் இந்த வேலையைச் செய்யும், எறும்பு வரும் என்பதைத் தவிர வேறு குறையில்லை. தேங்காயெண்ணெய் வேண்டாம்; வெடிப்புகளில் புகுந்தால் வெளியே எடுக்க முடியாது.

உள்ளே பார்க்க வேண்டியவை: பிசின் அடுக்கடுக்காக வடிந்த கோடுகள், உருண்டைக் குமிழிகள், தூசி, மரச்சில்லு. பால்டிக் அம்பரில் ஓக் மரத்தின் நட்சத்திர வடிவ நுண்மயிர் அடிக்கடி தென்படும். இருந்தால் நல்ல சாட்சி. தட்டு வடிவில், மீன் செதில் போல மின்னும் வட்ட வெடிப்புகள் இருந்தால் கல் சூடேற்றப்பட்டது என்று பொருள். 'சூரியச் சிதறல்' என்று அழகாகப் பெயர் சூட்டி விற்பார்கள். அது போலி என்பதற்கான அடையாளமில்லை, பக்குவம் செய்தார்கள் என்பதற்கான அடையாளம் மட்டுமே.

பூச்சி இருந்தால் சந்தேகத்தை ஒரு படி கூட்டுங்கள். வார்த்த பிளாஸ்டிக்கில் பூச்சி பெரிதாக, நடு மையத்தில், கால் மடக்கிச் செத்த கோலத்தில் இருக்கும். உண்மைப் பிசினில் மாட்டியது உயிரோடு மாட்டியது; கால்கள் விரிந்திருக்கும், சுற்றிலும் துடித்த தடம் தெரியும், பெரும்பாலும் சின்னக் கொசு, ஈ, எறும்பு வகையாகத்தான் இருக்கும். பால்டிக் அம்பரில் பூச்சியின் ஒரு பக்கத்தில் பால் போன்ற வெண்படலம் படிந்திருப்பது வழக்கம். முழுப் பல்லி, முழுத் தேள் என்று காட்டினால் கடைசிப் படிவரை போகாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இதே இடத்தில் இன்னொரு பார்வையும் முடித்துவிடலாம். பழைய எல்சிடி லேப்டாப்பில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதன் முன்னே மணியைப் பிடித்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கிளாஸ் வழியே திரை கறுப்பாகும் கோணத்தில் மணியின் உள்ளே அழுத்தக் கோலங்கள் தெரியும். இயற்கை அம்பரில் அது அலை அலையாக, ஒழுங்கற்று இருக்கும். துண்டுதுணுக்கு அம்பரைச் சூட்டில் நசுக்கி ஒட்டவைத்த அழுத்த அம்பரில், மொசைக் தரை போலத் துண்டுக்குத் துண்டு வேறு வேறு ஒளியில் தெரியும். துண்டுகளின் எல்லையில் சிவந்த நரம்பும், ஒரே திசையில் நீண்ட குமிழிகளும் இருக்கும்.

படி 3: புற ஊதா

விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். பால்டிக் அம்பரின் புதிதாக வெட்டிய பரப்பு நீலம் கலந்த பால் வெண்மையாக ஒளிரும். காற்றுப்பட்டுப் பழுத்த மேற்பரப்பு மஞ்சளும் பச்சையுமாக மங்கும். பர்மா அம்பரும் டொமினிகன் அம்பரும் பளீரென நீலம். பேக்லைட் வகை ஏறக்குறைய செத்துக் கிடக்கும். கோப்பால் வெளுப்பாக ஒளிரும். இங்கே ஒரு சிக்கல்: சில பாலியெஸ்டர் ரெசின்களும் நீலமாக ஒளிரும். ஆகவே ஒளிராத மணியைச் சந்தேகிக்கலாம். ஒளிர்கிற மணியை நம்பிவிடக் கூடாது. துளையின் உட்சுவரும் வெளிப்பரப்பும் ஒரே மாதிரி ஒளிர்கிறதா என்றும் பாருங்கள். வேறுபட்டால் மேலே வார்னிஷ் பூசியிருக்கலாம், அல்லது இயற்கையாகப் பழுத்த தோலாக இருக்கலாம். லூப்பில் பூச்சின் ஓரம் உரிந்து தெரிந்தால் வார்னிஷ்.

படி 4: ஒப்படர்த்தி

வீட்டில் செய்யக்கூடியவற்றில் அதிகம் பயன் தருவது இதுதான். ஒப்படர்த்தி என்பது ஒரு பொருள் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது. அம்பரின் ஒப்படர்த்தி 1.05 முதல் 1.10 வரை. சாதாரணத் தண்ணீரில் மூழ்கும், போதிய உப்புத் தண்ணீரில் மிதக்கும். 'போதிய' என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ரெண்டு ஸ்பூன் உப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு கரைத்தால் அசல் அம்பரே மூழ்கும். உப்பு கரையாமல் அடியில் நிற்கும்வரை கொட்டினால் ஒப்படர்த்தி 1.20 அருகே போய், 1.18 உள்ள அக்ரிலிக்கும் மிதந்துவிடும்.

சரியான அளவு: 250 மி.லி. தண்ணீருக்கு 48 கிராம் உப்பு. இது ஏறத்தாழ 16 சதவீதக் கரைசல், ஒப்படர்த்தி சுமார் 1.115. தூள் உப்பில் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்ப்பது கரைசலைக் கலங்கலாக்கும்; கல் உப்பில் மண் இருக்கும், ஈரமும் ஏறியிருக்கும். எதுவானாலும் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, ஹைட்ரோமீட்டரில் சரிபாருங்கள். பேட்டரி ஹைட்ரோமீட்டர் 1.100 முதல் 1.300 வரை காட்டுவது நமக்கு வசதி. 1.11க்கும் 1.12க்கும் இடையில் நின்றால் போதும். ஒரு எச்சரிக்கை: பேட்டரிக்குப் பயன்படுத்திய ஹைட்ரோமீட்டரைக் கடன் வாங்காதீர்கள், அமிலம் ஒட்டியிருக்கும். புதியதைக்கூட நாலு தடவை அலசுங்கள்.

மணியை நூலிலிருந்து கழற்றுங்கள். வெள்ளி மூடி, முடிச்சு, குஞ்சம் எதுவும் இருக்கக் கூடாது. துளைக்குள் காற்று அடைத்திருந்தால் பிளாஸ்டிக்கும் மிதக்கும். தண்ணீருக்குள் வைத்து ஊசியால் துளையை ஒருமுறை குத்திக் காற்றை விரட்டுங்கள். கரைசலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் குமிழி ஒட்டாது. கீழே தள்ளிவிட்டால் மெதுவாக மேலே வருகிறதா, தரையில் உட்கார்ந்துவிடுகிறதா என்று பாருங்கள்.

மூழ்குபவை: கண்ணாடி, பேக்லைட் வகை (1.25 முதல் 1.30), பால் புரதத்தில் செய்த கேசீன் பிளாஸ்டிக் (1.32 சுமார்), செல்லுலாய்டு (1.35 சுமார்), அக்ரிலிக், பெரும்பாலான பாலியெஸ்டர் வார்ப்புகள். மிதப்பவை: அம்பர், கோப்பால், பாலிஸ்டைரீன். கடைசிப் பெயரைக் கவனியுங்கள். பாலிஸ்டைரீனின் ஒப்படர்த்தி 1.05, அப்படியே அம்பர் மாதிரி. உப்புத் தண்ணீரில் மிதந்தது என்று சந்தோஷப்பட்ட மணி சிடி உறையின் தம்பியாக இருக்கலாம். மறுபக்கம், பைரைட் துகள் அதிகமுள்ள அம்பர் மூழ்கும். நுண்குமிழி நிறைந்த வெள்ளை அம்பர் எதிர்பார்ப்பைவிட லேசாக இருக்கும்.

மிதக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல் எண்ணாகவே வேண்டுமென்றால் தராசு போதும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைச் சின்ன டம்ளரில் ஊற்றித் தராசின் மேல் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். மணியைத் தூண்டில் நரம்பில் கட்டி, அடியிலும் சுவரிலும் படாமல், முழுக்க மூழ்கும்படி கையால் தொங்கவிடுங்கள். தராசு காட்டுவது மணி விலக்கிய தண்ணீரின் எடை. மணியின் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. எடுத்துக்காட்டாக 6.42 கிராம் மணி, தராசு காட்டியது 5.99: விடை 1.072. சென்னையில் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும், அப்போது அதன் அடர்த்தி 0.996. அதனால் பெருக்கினால் 1.067. கை நடுங்கினால் எண் குதிக்கும். குச்சி ஒன்றை இரண்டு புத்தக அடுக்கின் மேல் வைத்து அதில் கட்டித் தொங்கவிடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த மணிக்கு இந்தத் தராசின் துல்லியம் போதாது.

படி 5: ஒளிவிலகல் எண்

பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண் இது. அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வீட்டில் இருக்காது. சௌகார்பேட்டை, என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் கல் வியாபாரம் செய்பவர்களிடம் இருக்கும். தட்டைப் பரப்பு இல்லாத மணிக்குப் புள்ளி முறையில் எடுக்கச் சொல்லுங்கள். அம்பரும் கோப்பாலும் 1.54, பாலிஸ்டைரீன் 1.59, அக்ரிலிக் 1.49, பேக்லைட் வகை 1.61க்கு மேல். பாலியெஸ்டர் 1.54ஐ ஒட்டி வந்து ஏமாற்றும், ஆனால் அதை உப்புத் தண்ணீர் ஏற்கனவே பிடித்திருக்கும். பாலிஸ்டைரீன் உப்புத் தண்ணீரில் தப்பி இங்கே மாட்டிக்கொள்ளும். ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைப்பதால்தான் இரண்டும் வேண்டும். மணிக்கும் கருவிக்கும் இடையில் விடும் தொடுதிரவம் பிசினை அரிக்கும். எண் பார்த்தவுடன் துடைத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் முதல் கேள்வி முடிந்துவிடும். பேக்லைட் வகை என்று தெரிந்தால் மணியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தஸ்பீஹ் சேகரிப்பவர்கள் 'ஃபதுரான்' என்று அழைக்கும் பழைய மணிகள் இந்த வகைதான். அதற்கென்று தனி விலை உண்டு, அதற்கும் போலி உண்டு. 'ஆப்பிரிக்க அம்பர்' என்று வரும் பெரிய மஞ்சள் மணிகளும் பெரும்பாலும் இதே குடும்பம்.

படி 6: கரைப்பான்

இனி இரண்டாவது கேள்வி. பிசின் மண்ணுக்குள் கிடக்கும்போது எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் வெளியேறி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. வலை இறுகியிருந்தால் அசிட்டோன் உள்ளே புகாது. இறுகாத கோப்பால் இளகி ஒட்டும்.

செய்முறை: துளை ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு. சென்னை வெயிலில் அசிட்டோன் (56 டிகிரியில் கொதிப்பது) சில நொடியில் பறந்துவிடும், 'ஒன்றும் ஆகவில்லை' என்று தவறான நிம்மதி வரும். சொட்டு விட்டவுடன் பாட்டில் மூடியைக் கவிழ்த்து மூடி, 30 நொடி ஈரமாக வைத்திருங்கள். பிறகு விரலால் அழுத்துங்கள். விரல் ரேகை பதிந்தாலோ, பிசுபிசுத்து இழுத்தாலோ கோப்பால் அல்லது அதைவிட இளைய பிசின். ஒன்றுமே ஆகாமல் பளபளப்பும் குறையாமல் இருந்தால் வலை இறுகியது. மேலே பூசிய வார்னிஷ் கரைந்தும் ஒட்டும். அப்போது கரைந்த இடத்தைத் துடைத்துவிட்டு, உள்ளே தெரியும் பரப்பில் மறுபடி செய்யுங்கள். நகப் பாலிஷ் நீக்கி வேண்டாம், அதில் பலவற்றில் அசிட்டோனே இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பு, ஊதுவத்தி, சாமி விளக்கு எதுவும் அதே அறையில் இருக்கக் கூடாது.

கரைப்பான் காட்டுவது வலை எவ்வளவு இறுகியது என்பதை மட்டுமே, வயதை அன்று. பெரும்பாலும் இரண்டும் கூடவே போவதால் நமக்குக் குழப்பம் வருவதில்லை. காம்பே அம்பரில் அது உடைகிறது. அந்த மரக் குடும்பத்தின் பிசின் வேறு வேதியியல் வகை, இறுக்கமான வலையாவதில்லை. 5 கோடி ஆண்டு கடந்தும் கரைப்பான்களில் கரைகிறது. ஆய்வாளர்கள் அம்பரைக் கரைத்தே பூச்சியை முழுசாக வெளியே எடுத்திருக்கிறார்கள். பால்டிக் அம்பரில் அது நினைத்தும் பார்க்க முடியாது. குஜராத் சுரங்கத்திலிருந்து வந்த துண்டை அசிட்டோனில் ஒட்டுகிறது என்று கோப்பால் பெட்டியில் போட்டால், 5 கோடி ஆண்டைத் தூக்கி எறிந்ததாக அர்த்தம். எதிர்த் திசையிலும் ஏமாற்று உண்டு. கோப்பாலை அழுத்தத்தில் சூடேற்றிப் பச்சை நிறமாக்கி விற்கிறார்கள். அந்தச் சூட்டிலேயே வலை கொஞ்சம் இறுகிவிடுவதால் அசிட்டோன் சொட்டுக்கு அது அசையாமல் நிற்கலாம்.

சுட்ட ஊசி

கேட்பார்கள் என்பதால் சொல்கிறோம், செய்யச் சொல்லவில்லை. தையல் ஊசியை மெழுகுவத்தியில் காட்டி, சிவக்கும் முன் எடுத்து, துளை ஓரத்தில் வைத்தால் கோப்பாலில் வெண்ணெயில் போல இறங்கி நூல் நூலாக இழுக்கும். அம்பரில் தயங்கி இறங்கும், சுற்றிலும் சில்லு தெறிக்கும், ஊசியிலைப் பிசின் வாசம் வரும். கேசீன் கருகிய பால் நாறும். பேக்லைட் பழைய சிவப்பு கார்பாலிக் சோப்பு. செல்லுலாய்டு என்றால் சூடம் வாசம் வருவதோடு தீயே பிடிக்கும். பழைய மணிகளில் இதைச் செய்யவே கூடாது என்பதற்கு அதுவே போதும். வாசமும் நம்பகமானதில்லை. அம்பர்த் தூள் கலந்த ரெசினும் பைன் வாசம் தரும், வெள்ளைப் பினாயிலில்கூட பைன் எண்ணெய்தான் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சிய ஊசி எதையும் கருக்கும், அப்போது எல்லாம் ஒரே நாற்றம்.

படி 7: அகச்சிவப்பு நிறமாலை

மூன்றாவது கேள்விக்கு வீட்டில் பதில் இல்லை. பொருள் எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று வரைபடமாகக் காட்டும் எஃப்டிஐஆர் கருவிதான் வேண்டும். 1960களில் அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் கர்ட் பெக் தொல்லியல் அம்பர்களின் அகச்சிவப்பு நிறமாலையைப் பதிந்து, பால்டிக் அம்பருக்கென்று தனிக் கைரேகை இருப்பதைக் காட்டினார். சென்னையில் ஐஐடியின் 'சைஃப்' ஆய்வக வசதியில் வெளியாரும் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வெற்றி. துளையின் உட்சுவரில் புதுப் பிளேடால் சுரண்டி முதலில் வரும் தூளைத் தள்ளிவிடுங்கள். அது மெழுகு, வியர்வை, பழுத்த தோல். அடுத்து வரும் 2 மில்லிகிராம் போதும், கடுகில் ஒன்று அளவுதான். கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் நிலைமின்சாரத்தில் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

பொட்டாசியம் புரோமைடு வில்லை முறை என்றால் 1 முதல் 2 மில்லிகிராம் பிசினுக்கு 200 மில்லிகிராம் உப்பு. அந்த உப்பு நம் ஊர்க் காற்றில் ஈரத்தை உறிஞ்சித் தள்ளும். ஈரத்தின் தடம் வரைபடத்தில் அலை எண் 3,400 அருகே ஒரு அகன்ற மேடாகவும், 1,635 அருகே இன்னொன்றாகவும் விழும். இரண்டாவதுதான் ஆபத்து: கோப்பாலைக் காட்டிக்கொடுக்கும் பட்டை 1,645இல் இருக்கிறது. ஈரத்தைக் கோப்பால் என்று படித்தவர்கள் உண்டு. உப்பை 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தச் சொல்லுங்கள். வில்லை செய்யாமல் மாதிரியை நேரே கருவியின் படிகத்தில் வைத்துப் பார்க்கும் ஏடிஆர் முறையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழமே பார்க்கும். மணியை அப்படியே வைத்தால் பாலிஷ் மெழுகின் நிறமாலைதான் வரும். தூளைத்தான் வைக்க வேண்டும். பிரிதிறன் 4, குறைந்தது 32 தடவை வருடல் என்று கேளுங்கள்.

வரைபடம் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டிய இடங்கள் (எல்லாம் அலை எண், ஒரு செ.மீ.க்கு): 3,080 அருகே, 1,645 அருகே, 888 ஆகிய மூன்றும் ஒரே மூலக்கூறு அமைப்பின் தடங்கள். மூன்றும் வலுவாக இருந்தால் இளம் பிசின். பிசின் முதிர முதிர மூன்றும் சேர்ந்து தேயும். சேர்ந்து தேயாமல் ஒன்று மட்டும் உயரமாக இருந்தால் அது வேறு எதிலிருந்தோ வருகிறது. பால்டிக் அம்பரிலேயே 888 கொஞ்சம் மிச்சமிருக்கும், பயப்பட வேண்டாம்.

அடுத்து 1,250 முதல் 1,175 வரை. பால்டிக் அம்பரில் இந்த இடம் கிடைமட்டமாக, தோள்பட்டை போல நீண்டு, அதன் முடிவில் 1,160க்கும் 1,150க்கும் இடையில் கூராக ஒரு பட்டை நிற்கும். 'பால்டிக் தோள்' என்றே இதற்குப் பெயர். காற்றுப்பட்டுச் சிதைந்த மாதிரியில் தோள் சரிந்து இறங்குமுகமாகும். அதனால்தான் முதல் தூளைத் தள்ளிவிடச் சொன்னது. தோள் இல்லையென்றால் அம்பர் இல்லை என்று பொருளாகாது, பால்டிக் இல்லை என்றே பொருள். டொமினிகன் (1.5 முதல் 2 கோடி ஆண்டு), பர்மா (9.9 கோடி ஆண்டு), காம்பே எதற்கும் அந்தத் தோள் கிடையாது. பாலிஸ்டைரீனோ பாலியெஸ்டரோ என்றால் 690 முதல் 760 வரையுள்ள பகுதியில் பென்சீன் வளையத்தின் கூரிய பட்டைகள் உடனே காட்டிக்கொடுக்கும்.

1992இல் ஆண்டர்சன் குழுவினர் புதைபடிவப் பிசின்களை வேதியியல்படி ஐந்து வகையாகப் பிரித்தனர். பால்டிக், டொமினிகன் எல்லாம் முதல் வகை. பால்டிக்கில் கூடுதலாகச் சக்சினிக் அமிலம் உண்டு. டிப்டெரோகார்ப் பிசின்கள் இரண்டாம் வகை. எஃப்டிஐஆர் தயங்கும் இடத்தில் இந்தப் பிரிவை உறுதிசெய்ய வாயு நிறப்பிரிகை–நிறை நிறமாலை (ஜிசி-எம்எஸ்) என்னும், மூலக்கூறுகளைப் பிரித்து எடைபோடும் சோதனை வேண்டும்.

வயது எங்கிருந்து வருகிறது

எந்தச் சோதனையும் அம்பரைப் பார்த்து 'நாலு கோடி ஆண்டு' என்று சொல்லாது. வயது, அது புதைந்திருந்த பாறையிலிருந்து வருகிறது. பர்மா அம்பரின் 9.9 கோடி என்ற எண், ஹுகாவாங் பள்ளத்தாக்கில் அம்பரைச் சுற்றியிருந்த எரிமலைச் சாம்பல் படிவின் சிர்கான் படிகங்களை யுரேனியம்-ஈயம் முறையில் அளந்து பெற்றது. பிசினிலிருந்தே நேராக எடுக்கக்கூடியது கதிரியக்கக் கரிமம் மட்டும். அதுவும் ஏறத்தாழ 50,000 ஆண்டுவரைதான் எட்டும். கரிமம்-14 அளக்கும்படி மிச்சமிருந்தால் அது கோப்பால், விவாதம் முடிந்தது. ஒன்றும் மிச்சமில்லை என்றால் 'அதைவிடப் பழையது' என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

ஆகவேதான் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்ற தகவல் இல்லாத அம்பருக்கு அறிவியலில் பாதி மதிப்பு போய்விடுகிறது. பர்மா அம்பர் விஷயத்தில் இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1960களில் உருவான பர்மா பஜார் இங்கே இருப்பதால் 'பர்மா சரக்கு' என்ற பேச்சுக்கு வடசென்னையில் தனி மரியாதை. அம்பரில் அந்த மரியாதையைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். காச்சின் மாநிலச் சுரங்கங்கள் ஆயுத மோதலோடு பிணைந்தவை. 2020இல் முதுகெலும்புள்ள உயிரிகளின் புதைபடிவ ஆய்வாளர் சங்கம், அந்த அம்பரை வைத்து எழுதும் கட்டுரைகளை நிறுத்திவைக்கும்படி ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது.

அறிக்கை எழுதும்போது சோதனை சொன்னதை மட்டும் எழுதுங்கள். 'ஒப்படர்த்தி 1.067, ஒளிவிலகல் எண் 1.54, அசிட்டோன் 30 நொடியில் மாற்றமில்லை, பால்டிக் தோள் உள்ளது, சூடேற்றிய வெடிப்புகள் உள்ளன' என்ற ஐந்து துணுக்குகள், 'ஒரிஜினல் அம்பர்' என்ற முத்திரையைவிடப் பெரிய சொத்து. எஃப்டிஐஆர் எடுக்கவில்லை என்றால் 'இறுகிய புதைபடிவப் பிசின், பிறப்பிடம் தெரியாது' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

சோதனை முடிந்த மணியை வெறும் தண்ணீரில் அலசி, உப்பும் கிளிசரினும் போக மென்துணியில் ஒற்றி, நிழலில் உலரவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் மேல்தோல் பொடிப்பொடியாக வெடிக்கும். பீரோவில் வைப்பதானால் அந்துருண்டையும் செண்டுப் பாட்டிலும் இல்லாத தட்டில், தனிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அவற்றின் ஆவி பிசினைத் தின்னும். மற்ற கற்களோடு ஒரே டப்பாவில் போட்டால் ஒரே மாதத்தில் கீறலாகிவிடும், ஏனென்றால் அம்பரின் கடினம் மோஸ் அளவில் 2 முதல் 2.5தான், நம் நகத்தின் கடினத்தை ஒட்டியது.